கைப்பேசி முனையத்தில் தமிழ் எழுத்தின் அகலம்: ஒரு வரலாற்று நோக்கு

கைப்பேசியின் கட்டளைவரிச் சூழலில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தோன்றும்போது பழியை எழுத்துருவின்மேல் சுமத்துவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பழுதின் வேர் எழுத்துருவுக்கு முந்தையது. எழுத்தை எண்ணும் முறையில் அது உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முனையம் தொலைத்தட்டச்சுப் பொறியின் வழித்தோன்றல். 1978இல் வெளிவந்த விடி100 முனையம் 80 நிரல்களும் 24 வரிகளும் கொண்டது. ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்பது அதன் விதி. 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையை வகுத்தனர். ஆயினும் கட்ட விதி மாறவில்லை. மார்க்கஸ் குன் எழுதிப் பலரும் கையாண்ட அகலக் கணிப்பு நிரல், ஒருங்குறியின் வகைப்பாட்டைப் பின்பற்றி, இடம்கொள்ளாக் குறிகளுக்குச் சுழியமும் இடம்கொள்ளும் குறிகளுக்கு ஒன்றும் அளித்தது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகையின. ஏனைய உயிர்க்குறிகள் இரண்டாம் வகையின. எனவே ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்னும் நம் மாத்திரைக் கணக்கு இங்குத் தலைகீழாகிறது!

வடசென்னைத் துறைமுகப் பகுதியின் வாய்மொழி வரலாற்றைக் கைப்பேசியில் பதிவுசெய்யும் ஆய்வாளர், கோப்புகளுக்கு ஊர்ப்பெயர் இடுவதாகக் கொள்வோம். எண்ணூர்: எழுத்து 4, குறி 7, கட்டம் 5. ராயபுரம்: எழுத்து 5, குறி 8, கட்டம் 7. தேவாரப் பாடல் பெற்ற திருவொற்றியூருக்கு எழுத்து 7, குறி 14, கட்டம் 12. ஓட்டும் முனையமும் இவற்றை வெவ்வேறு அட்டவணைகொண்டு எண்ணினால் சுட்டி இடம் பெயர்கிறது. பயனர் அழிக்க நினைத்தது ஒன்று, அழிவது மற்றொன்று. 2015 முதல் ஆண்ட்ராய்டில் வழங்கும் டெர்மக்ஸ், எழுத்தின் உண்மை அகலம் கட்டத்தோடு பொருந்தாதபோது வடிவத்தைக் கிடைமட்டமாக நெருக்கியோ விரித்தோ வரைகிறது. எழுத்துருவை மாற்றிப் பார்ப்போர் ஏமாறுவது இதனாலேயே.

எல்லாப் பழுதும் இவ்வகையின அல்ல. ஆண்ட்ராய்டு 10 (2019), புதிய தளத்தை இலக்காகக் கொண்ட செயலிகள் தம் எழுதத்தக்க அடைவிலிருந்து நிரல்களை இயக்குவதைத் தடுத்தது; ஆண்ட்ராய்டு 12, செயலிகளின் கிளைச் செயல்முறைகளை 32 என்ற அளவுக்குள் கட்டுப்படுத்தியது. கட்டளை திடீரென மடிவது இத்தகைய முடிவுகளின் விளைவாக இருக்கலாம். தமிழுக்கு அதில் பங்கில்லை.

1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டின் வழிவந்த டேம், டேப் குறிமுறைகள் வரிவடிவத்துக்கொரு பைட்டு என அமைந்தமையால் எண்ணிக்கையும் வரைவும் பெரிதும் ஒத்திருந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு மாற்றாக ஏற்ற டேஸ்-16, எழுத்துக்கொரு குறி என்றது. உலகச் செயலிகள் அவ்வழியைத் தழுவவில்லை. பரிமாற்றத்துக்கு ஒருங்குறியே சரியான தேர்வு என்பது என் துணிபு. ஆயின் அதன் விலை முனையத்தில் தெரிகிறது.

ஆகவே சோதனைக்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் மொழிச்சூழல் மாறி யூடிஎஃப்-8ஐக் குறிக்கிறதா எனக் காண்க. அடுத்துக் கோப்புப்பெயரின் பைட்டுகளை எண்ணுக: ‘எண்ணூர்’ 21, ‘திருவொற்றியூர்’ 42 என வந்தால் சேமிப்பு பழுதற்றது, திரைத்தோற்றத்துக்கு அஞ்சிப் பெயரை உரோமன் எழுத்துக்கு மாற்ற வேண்டுவதில்லை. நீளத்தில் மட்டும் கவனம் தேவை. கோப்புப்பெயரின் உச்ச அளவு 255 பைட்டு. திருவொற்றியூரை ஆறு முறை எழுதினாலே 252 ஆகிவிடும்.