திருமுக்கூடல் ஆதுலர் சாலையும் மூட்டுநோய் மருத்துவமும்: செங்கல்பட்டுப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலர் சாலையையும் அங்கு இருப்பில் வைக்கப்பட்ட மருந்துகளையும் பதிவு செய்கிறது. அம்மருந்துப் பட்டியலுள் வாத நோய்களுக்குரியனவாக மருத்துவ நூல்கள் சுட்டும் ஆமணக்கெண்ணெய்த் தைலங்களும் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் கொண்டு 11-ஆம் நூற்றாண்டில் மூட்டுவலி எவ்வாறு விளங்கிக்கொள்ளப்பட்டது, எவர்க்கு மருத்துவம் கிடைத்தது, அச்சான்றினை இன்று எந்த எல்லைவரை பயன்படுத்தலாம் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: திருமுக்கூடல், ஆதுலர் சாலை, கீல்வாயு, வாதம், ஆமணக்கு, சித்த மருத்துவம், செங்கல்பட்டு.

முன்னுரை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். அங்கிருந்து பாலாறு செங்கல்பட்டை ஒட்டிக் கிழக்கே பாய்ந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தை அடுத்துக் கடலில் கலக்கிறது. இவ்வூரின் வேங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு ‘எபிகிராபியா இண்டிகா’ 21-ஆம் தொகுதியில் கே. வி. சுப்பிரமணிய ஐயரால் பதிப்பிக்கப்பட்டபோது, இப்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று திருமுக்கூடல் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், பாலாற்றின் கடைவாய்ப் பகுதி 2019-இல் உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்திலும் உள்ளன. மாவட்ட எல்லைகள் மாறினும், ஆற்றுவெளியும் கடற்கரையும் ஒரே நிலப்பரப்பாகவே வரலாற்றில் இயங்கி வந்துள்ளன.

இக்கல்வெட்டு சோழர் கால மருத்துவமனைக்குச் சான்றாகப் பலராலும் எடுத்தாளப்பட்டுள்ளது. எனினும் ‘அக்காலத்திலேயே மருத்துவமனை இருந்தது’ என்னும் பெருமிதத்தோடு பெரும்பாலான எடுத்துரைப்புகள் நின்றுவிடுகின்றன. எந்த நோய்க்கு எந்த மருந்து என்னும் வினாவை எழுப்பும்போதுதான் இக்கல்வெட்டு மருத்துவ வரலாற்று ஆவணமாகப் பயன்தரும். மூட்டுநோயை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டு கூறும் ஆதுலர் சாலை

வீரராசேந்திரன் (கி.பி. 1063–1070) காலத்தைச் சேர்ந்த இக்கல்வெட்டு, கோயிலின் சனநாத மண்டபத்தில் இயங்கிய வேதக் கல்விக்கூடம், மாணவர் உறைவிடம், ஆதுலர் சாலை ஆகியவற்றுக்கான செலவுத் திட்டத்தை விரிவாகத் தருகிறது. ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர் மருத்துவராகப் பணியாற்றினார். அவருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வழங்கப்பட்டன. அறுவை மருத்துவம் செய்வோர்க்கு 30 கலம் நெல் ஒதுக்கப்பட்டது. மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து அடுவதற்கு இருவரும், நோயாளரைப் பேணப் பெண்டிர் இருவரும், நாவிதர் ஒருவரும் அமர்த்தப்பட்டனர். நோயாளர்க்கு நாள்தோறும் அரிசியும், இரவில் எரிய விளக்கும் திட்டமிடப்பட்டிருந்தன.

மருத்துவரின் ஊதியம் அறுவை மருத்துவரின் ஊதியத்தைப் போல் மும்மடங்காக இருந்தது கருதத்தக்கது. உள்மருந்தும் தைலமும் கொண்டு நெடுநாள் பேணும் மருத்துவமே இச்சாலையில் முதன்மை பெற்றிருந்தது என்பதற்கு இவ்வேறுபாடு குறிப்பாகிறது. மூட்டுநோய் அத்தகைய நெடுநாள் நோய்களுள் தலையாயது.

மருந்துப் பட்டியலும் வாத நோயும்

ஏறத்தாழ 20 மருந்துகள் ஓராண்டுக்கென இருப்பில் வைக்கப்பட்டன. அவற்றுள் சில, தம் பெயராலேயே பயனை உணர்த்துகின்றன. உத்தம கர்ணாதி தைலம் செவியையும், சுநேத்திரி கண்ணையும் சுட்டுகின்றன. வாசா அரீதகி ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்தது. இருமலுக்கும் இரைப்புக்கும் உரியது. மூட்டுநோயை நோக்கும்போது மூன்று மருந்துகள் தனிக்கவனம் பெறுகின்றன.

முதலாவது, பலாகேரண்ட தைலம். வடமொழியில் ‘பலா’ என்பது சிற்றாமுட்டி இனச் செடியையும் ‘ஏரண்டம்’ என்பது ஆமணக்கையும் குறிக்கும். இரண்டாவது, லசுனாத்யேரண்ட தைலம். பூண்டை முதலாகக் கொண்டு ஆமணக்கெண்ணெயில் காய்ச்சப்படுவது. மூன்றாவது, தசமூல அரீதகி. பத்து வேர்களும் கடுக்காயும் சேர்ந்த இக்கூட்டு வீக்கத்திற்கு உரியதாகச் சரக சங்கிதை வழிவந்த மருத்துவம் கொள்கிறது. ஆமணக்கு, பூண்டு, சிற்றாமுட்டி, தசமூலம் ஆகிய நான்கும் வாதத்தைத் தணிப்பன என்பது அம்மரபின் பொதுக்கருத்து.

சேராங்கொட்டை சேர்ந்த பல்லாதக அரீதகியும் பட்டியலில் உள்ளது. சேராங்கொட்டை பிற்காலச் சித்த மருத்துவத்தில் கீல்வாயுவுக்குப் புகழ்பெற்ற சரக்கு. ஆயினும் கடுக்காயோடு சேர்ந்த கூட்டாக அது வயிற்று நோய்களுக்கும் விதிக்கப்படுவதால், மூட்டுநோய்க்கான சான்றாக இங்குக் கொள்ளப்படவில்லை.

கல்வெட்டு நோய்களின் பெயரைக் கூறவில்லை. மருந்துகளின் பெயரையே கூறுகிறது. எனவே, ‘இங்கு மூட்டுநோய்க்கு மருத்துவம் செய்யப்பட்டது’ என நேரடியாகக் கூறுதற்கில்லை. ‘வாத நோயாளர் வருவர் என எதிர்பார்த்து ஆண்டுதோறும் தைலம் ஆயத்தமாக வைக்கப்பட்டது’ எனக் கூறுதல் பொருந்தும். தைலம் காய்ச்சும் முறையும் இதற்குத் துணைசெய்கிறது. சாரங்கதர சங்கிதை தரும் பொதுவிதிப்படி, அரைத்த மருந்து ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, குடிநீர் 16 பங்கு எனக் கலந்து நீர் வற்றும்வரை எரிக்க வேண்டும். விறகும் ஆளும் மிகுதியாக வேண்டும் பணி இது. மருந்து அடுவோர்க்குக் கல்வெட்டு தனியே நெல் ஒதுக்கியிருப்பது இத்தேவையோடு ஒத்துச்செல்கிறது.

மூட்டுநோய் குறித்த அக்காலப் புரிதல்

சரக சங்கிதை வாதத்தால் மட்டும் தோன்றும் நோய்களை 80 எனக் கணக்கிடுகிறது. மூட்டில் வீக்கமும் எரிச்சலும் தோன்றும் வாதரத்தத்தை அது தனி இயலில் பேசுகிறது. செரியாது தங்கிய ‘ஆமம்’ வாயுவோடு கூடி மூட்டுகளைத் தாக்குவது ஆமவாதம். இதனைத் தனிநோயாக விளக்கிய முதல் நூலாக மாதவ நிதானம் கருதப்படுகிறது. திருமுக்கூடல் கல்வெட்டின் அதே நூற்றாண்டில் வங்கத்தில் வாழ்ந்த சக்கரபாணிதத்தர், தம் மருத்துவ நூலில் ஆமவாதத்திற்கு ஆமணக்கெண்ணெயைப் பரிந்துரைக்கிறார். வங்கத்து நூலும் பாலாற்றங்கரைக் கல்வெட்டும் ஒரே சரக்கை முன்னிறுத்துவது, மருத்துவ அறிவு எத்துணைத் தொலைவு பரவியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

தமிழில் மூட்டினைக் ‘கீல்’ என்பர். கீலில் வாயு மிகுவதால் வரும் நோய் கீல்வாயு ஆயிற்று. யூகி முனிவரின் வைத்திய சிந்தாமணியும் வாத நோய்களை 80 என வகுக்கிறது. சித்த நூல்கள் இன்று கிடைக்கும் வடிவில் சோழர் காலத்துக்குப் பிற்பட்டவை. ஆதலால் அவற்றின் விதிகளைத் திருமுக்கூடல் ஆதுலர் சாலைக்கு ஏற்றிக் கூறுதல் முறையாகாது. எண்ணிக்கை ஒப்புமை, இரு மரபுகளுக்கிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலைக் காட்டும் அளவிலேயே பயன்படும்.

சாலைக்கு வெளியே இருந்தோர்

இவ்வாதுலர் சாலை கல்விக்கூடத்து மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியதாக அமைக்கப்பட்டது. பாலாற்று வெளியில் நாற்று நட்டோரும், மாமல்லபுரக் கரையில் வலை இழுத்தோரும், கல் உடைத்தோரும் இதன் பயனாளராகக் குறிக்கப்படவில்லை. முழங்காலும் இடுப்பும் விரல் மூட்டும் மிகுதியாகத் தேய்வது இத்தகைய உழைப்பாளர்க்கே. அவர்தம் மருத்துவம் கல்லில் எழுதப்படவில்லை. செடிகளின் பெயரில் தங்கியுள்ளது.

முடக்கை அறுப்பது முடக்கறுத்தான் எனவும், வாதத்தை அடக்குவது வாதமடக்கி எனவும் பெயர் பெற்றன. நொச்சித் தழையை வதக்கி ஒற்றடமிடுதல் இன்றும் சிற்றூர்களில் காணப்படும் வழக்கம். கடற்கரையில் வளரும் புன்னையின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் மூட்டுவலிக்குப் பூசப்பட்டு வந்துள்ளது. கொடை பெற்ற சாலையின் மருந்துகள் வடமொழிப் பெயரில் கல்வெட்டேறின. கொடை பெறாதோரின் மருந்துகள் தமிழ்ப் பெயரில் வாய்மொழியாக வந்தன. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்காமல் இப்பகுதியின் மருத்துவ வரலாற்றை எழுத இயலாது. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம் மூலிகை அறிவைப் பேணி வருவது, அவ்வாய்மொழி மரபின் தொடர்ச்சியாகும்.

தற்கால அறிவியலும் பழஞ்சான்றின் எல்லையும்

‘மூட்டுவாதம்’ என ஒரு சொல்லால் சுட்டப்படுவது ஒரே நோயன்று. மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் வருவது ஒருவகை. யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் படிவதால் வருவது மற்றொருவகை. அந்நோயாளரின் குருதியில் அவ்வமிலம் மிகுந்திருப்பதை ஆல்பிரட் கேரட் 1848-இல் கண்டறிந்தார். உடலின் எதிர்ப்பாற்றலே தன் மூட்டுச் சவ்வைத் தாக்கும் முடக்குவாதம் மூன்றாம் வகை. அதற்கு இன்றைய ஆங்கிலப் பெயரைத் தந்தவரும் கேரட்டே (1859). காய்ச்சலோடு மூட்டைத் தாக்கும் சிக்குன்குனியா 1964-இல் சென்னையிலும், மீண்டும் 2006-இல் தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் பரவியது. கிருமியால் வரும் மூட்டுவலிக்கு அது சான்று.

வெதுவெதுப்பான தைலம் தேய்த்தலும் ஒற்றடமும் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைத் தணிக்கும். ஆமணக்கெண்ணெய் பேதி மருந்தாக வேலை செய்வதும் உண்மையே. ஆனால் எதிர்ப்பாற்றல் பிறழ்ச்சியால் எலும்பு அரிக்கப்படுவதைத் தைலமோ பேதியோ தடுப்பதில்லை. அந்நோயில் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே மூட்டு நிலையாகச் சிதையத் தொடங்கலாம். காலத்தாழ்வு ஊனத்தில் முடியும். சேராங்கொட்டை தூய்மை செய்யப்படாமல் பயன்பட்டால் தோலைப் புண்ணாக்கும் நச்சுத்தன்மை உடையது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

முடக்குவாதத்திற்கு இன்று உலகெங்கும் முதன்மையாக வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட் மருந்தின் வரலாறும் சென்னையைத் தொடுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பணியாற்றிய எல்லாப்பிரகடா சுப்பாராவ் (1895–1948), அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் வழிநடத்திய குழுவே இம்மருந்தை உருவாக்கியது. குருதிப் புற்றுநோய்க்கென உருவான அம்மருந்து, 1988-இல் முடக்குவாதத்திற்கும் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது.

செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறந்துவைக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை எல்லா மக்களுக்கும் உரியது. திருமுக்கூடல் சாலையோடு ஒப்பிடும்போது முதன்மையான மாற்றம் இதுவே.

முடிவுரை

திருமுக்கூடல் கல்வெட்டின் மருந்துப் பட்டியல், 11-ஆம் நூற்றாண்டில் வாத நோய்க்கான ஆமணக்கெண்ணெய்த் தைலங்கள் திட்டமிட்டுச் சேமிக்கப்பட்டதை உறுதிசெய்கிறது. அவை எவரைக் குணப்படுத்தின என்பதற்கு அது சான்றாகாது. அச்சாலை ஒரு வரையறுத்த குழுவினர்க்கே உரியதாயிருந்தது. உழைக்கும் மக்களின் மூட்டுவலிக்குரிய அறிவு செடிப்பெயர்களிலும் கைம்மருந்திலும் தனியே வளர்ந்தது. இன்று தைல விற்பனைக்குச் சோழர் பெயரைத் துணைக்கழைப்போர் கல்வெட்டு கூறாததைக் கூறுகின்றனர். கல்வெட்டு உண்மையில் கூறுவது வேறு: நோயாளர்க்குப் படுக்கையும் அரிசியும் இரவு விளக்கும், மருந்து அடுவோர்க்கு ஊதியமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும் என்பது. நெடுநாள் நோயான மூட்டுநோய்க்கு இன்றும் இன்றியமையாதது அத்தகைய தொடர்ந்த பேணுதலேயாகும்.