ஜெல் குண்டுத் துப்பாக்கி: பாகங்களை மாற்றுவதும் கண் காயங்களும்

ஜெல் குண்டுத் துப்பாக்கி என்பது, நீரில் ஊறிப் பருத்த சிறு ஜெல் உருண்டைகளைக் காற்றழுத்தத்தால் செலுத்தும் விளையாட்டுப் பொருளாகும். கடையில் வாங்கிய நிலையிலேயே இது கண்ணைக் காயப்படுத்தக்கூடியது. குழலும் உட்பாகங்களும் மாற்றப்பட்ட பின்னர் இதனை விளையாட்டுப் பொருளாகக் கருதுதல் கூடாது.

பாகங்களை மாற்றினால் நேர்வது என்ன?

துப்பாக்கியினுள் உள்ள மோட்டார், ஸ்பிரிங் பொருத்திய பிஸ்டனைப் பின்னிழுத்து விடுகிறது. பிஸ்டன் முன்பாயும்போது எழும் காற்றழுத்தம் குண்டை உந்துகிறது. விறைப்பான ஸ்பிரிங், காற்று கசியாத பிஸ்டன் வளையம், குண்டின் அளவோடு நெருங்கிப் பொருந்தும் உலோகக் குழல் ஆகியவை குண்டின் வேகத்தை உயர்த்துகின்றன. வேகம் இரு மடங்கானால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மின்னழுத்தம் மிகுந்த பேட்டரி, பொருத்தமின்றி இணைக்கப்பட்டால் தீப்பற்றவும் கூடும்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகும். பாகங்கள் மாற்றப்பட்ட பொருளுக்கு அம்முத்திரை தரும் உறுதி பொருந்தாது.

கண்ணுக்கு ஆபத்து ஏன்?

கண்குழியின் எலும்பு விளிம்பு பெரிய பந்துகளின் தாக்குதலை ஓரளவு தடுக்கிறது. 7 முதல் 8 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள ஜெல் குண்டு அவ்விளிம்பில் படாமல் நேரே விழியைத் தாக்குகிறது. இதனால் கருவிழிச் சிராய்ப்பு, கண்ணின் முன்னறையில் இரத்தக்கசிவு, கண்புரை, விழித்திரை விலகல் ஆகியவை ஏற்படலாம். கண்ணழுத்த நோய் பல ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம்.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல்
• கருவிழிக்குப் பின்னால் இரத்தம் தேங்கியிருத்தல்
• கண்மணியின் வடிவம் மாறியிருத்தல்
• ஒளிக்கீற்றுகள், மிதக்கும் கரும்புள்ளிகள் அல்லது திரை விழுந்தாற்போன்ற மறைப்பு
• கடும் வலி, வாந்தி, அளவுக்கு மீறிய உறக்கம்

அறிகுறி எதுவும் இல்லாவிடினும், கண்ணில் குண்டு பட்ட குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். திட்டுக்கு அஞ்சிக் குழந்தைகள் காயத்தை மறைப்பதுண்டு, கடிந்துகொள்ளாமல் கேட்டறிக.

முதலுதவி

• கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது.
• காகிதக் குவளையின் அடிப்பகுதியைக் கண்ணில் படாதவாறு எலும்பு விளிம்பின்மீது வைத்து ஒட்டுக.
• தலையை உயர்த்தி அமரச் செய்க.
• தாய்ப்பால், மூலிகைச் சாறு, விளக்கெண்ணெய், கடையில் வாங்கிய சொட்டு மருந்து எதனையும் இடாதீர்.
• ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ஆகியவை இரத்தக்கசிவை மிகுவிக்கலாம், தவிர்க்க.
• அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை உணவளிக்க வேண்டா.

ஆலத்தூர் நாடு மற்றும் கொல்லிமலைப் பகுதி மக்களுக்கு

மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆதலின் விடியும்வரை காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து, கண் மருத்துவர் பணியில் உள்ள மருத்துவமனை எதுவெனக் கேட்டறிக. ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம். காயத்திற்குப் பின் முதல் ஐந்து நாள்களில் மீண்டும் இரத்தம் கசியக்கூடும். வலி குறைந்துவிட்டது எனக் கருதி மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்.

குண்டை விழுங்கிவிட்டால்?

ஊறாத உலர்ந்த மணிகள் குடலுள் பருத்து அடைப்பை உண்டாக்கலாம். சாதாரண எக்ஸ்ரே படத்தில் இவை பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே விழுங்கியதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மீதமுள்ள மணிகளையும் கொண்டு செல்க. வாந்தி எடுக்கச் செய்யாதீர்.

தடுக்கும் வழிகள்

2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில், குழாயைக் கொண்டு செய்த கார்பைடு துப்பாக்கிகளால் சிறுவர் பலர் கண் பாதிப்புக்குள்ளாயினர். விளையாட்டாகத் தொடங்கும் மாற்றங்கள் பார்வையைப் பறிக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. திருவிழாக் கடைகளில் வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள். முகத்தை நோக்கிச் சுடுவதை அனுமதியாதீர். விளையாடுவோரும் அருகில் நிற்போரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். பாகங்கள் மாற்றப்பட்ட துப்பாக்கியைக் குழந்தைகளிடமிருந்து அகற்றிவிடுக.