சாக்கரூஸ் அணியில் சிர்காட்டிக்கு எந்த இடம்? ஆஸ்திரேலிய ரசிகர்கள் விவாதிப்பது ஏன்? முழு விளக்கம்

இத்தாலியில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்து, மறுபடியும் இத்தாலிக்கே போய் கால்பந்து ஆடுபவர் அலெஸ்ஸாண்ட்ரோ சிர்காட்டி. வயசு இன்னும் இருபதுகளின் தொடக்கம்தான். ஆனா, 'சாக்கரூஸ்' என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய தேசிய அணியில் இவரை எங்கே ஆட வைப்பது என்று 2023ல் தொடங்கிய பேச்சு ஓயவே இல்லை. திறமை இருக்கு என்பதில் பெரிய சண்டை இல்லை. யாரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இவரை இறக்குவது? அங்கதான் சிக்கல்.

யார் இந்த சிர்காட்டி?

2003 அக்டோபரில் பிறந்தவர். அப்பா ஜியான்ஃபிராங்கோ, பெர்த் குளோரி கிளப்புக்காக ஆடியவர். மகனும் அதே கிளப்பில் வளர்ந்து, பிறகு இத்தாலியின் பார்மா கிளப்புக்குப் போனார். 2023-24 சீசனில் பார்மா இரண்டாம் டிவிஷனான சீரி பி பட்டத்தை வென்று சீரி ஏ-வுக்கு முன்னேறியது. அந்த அணியின் தடுப்பாட்டத்தில் வழக்கமாக ஆடியவர்களில் சிர்காட்டியும் ஒருவர்.

பிறந்த நாடு இத்தாலி என்பதால் அந்த நாட்டின் இளையோர் அணிகளும் இவரை அழைத்தன. கடைசியில் 2023ல் ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் நியூசிலாந்துக்கு எதிரான போட்டியில் அறிமுகமானார். ஆஸ்திரேலியா 2-0 என வென்றது.

இங்கே ஒரு விதியைத் தெரிஞ்சுக்கணும். அது வெறும் நட்புப் போட்டி. ஃபிஃபா விதிப்படி, நட்புப் போட்டியில் ஆடியதால் மட்டும் ஒருவர் அந்த நாட்டுக்கே நிரந்தரமாகக் கட்டுப்பட்டுவிட மாட்டார். 2020ல் விதி இன்னும் தளர்ந்தது. 21 வயதுக்கு முன்பு சீனியர் அணிக்காக மூன்று அதிகாரப்பூர்வ போட்டிகள் வரை ஆடியிருந்தால்கூட, மூன்று ஆண்டு கழித்து வேறு நாட்டுக்கு மாற சில நிபந்தனைகளோடு வாய்ப்பு உண்டு. உலகக் கோப்பை மாதிரி பெரிய தொடரில் ஆடிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். அதனால்தான் 'பையனை சீக்கிரம் பெரிய போட்டியில் இறக்குங்கப்பா' என்ற அவசரம் ரசிகர்கள் பேச்சில் கேட்டது.

ஆனா நடந்தது வேறு. 2024 ஜனவரியில் கத்தாரில் தொடங்கிய ஆசியக் கோப்பைக்கு, அப்போதைய பயிற்சியாளர் கிரஹாம் அர்னால்டு அறிவித்த அணியில் சிர்காட்டி இல்லை. காலிறுதியில் தென் கொரியாவிடம் ஆஸ்திரேலியா 1-2 என தோற்றது. கூடுதல் நேரத்தில் விளைந்த தோல்வி அது. கொரியா சமன் செய்ததே வழக்கமான நேரம் முடியும் தறுவாயில் கிடைத்த பெனால்டியில்தான். தடுப்பாட்டத் தவறுதான் அணியை வீட்டுக்கு அனுப்பியது என்ற கோபத்தில், வெளியே விடப்பட்ட டிஃபெண்டர் பெயர் அடிபடாமல் இருக்குமா?

டிஃபெண்டரை மாற்றுவது ஏன் கஷ்டம்?

ஃபார்வர்டு சரியில்லைன்னா 60வது நிமிடத்தில் மாற்றிவிடலாம். சென்டர் பேக் விஷயத்தில் எந்தப் பயிற்சியாளரும் அவ்வளவு சுலபமாக கை வைப்பதில்லை. ஆஃப்சைடு கோட்டைப் பிடிக்க நாலு பேரும் ஒரே நேரத்தில் மேலே வரணும். ஒருவர் பந்தை நோக்கிப் பாய்ந்தால், பக்கத்தில் இருப்பவர் பின்னால் காவல் நிற்கணும். இதெல்லாம் சேர்ந்து ஆடி ஆடி வரும் பழக்கம். கிளப்பில் அதற்குத் தினமும் பயிற்சி உண்டு. தேசிய அணிக்குக் கிடைப்பதோ போட்டிக்கு முன்பு சில நாட்கள்தான்.

2022 கத்தார் உலகக் கோப்பையைப் பாருங்க. ஹாரி சூட்டர், கய் ரோல்ஸ் ஜோடிதான் நடுவில் நின்றது. துனிசியா, டென்மார்க் இரண்டு அணிகளையும் ஆஸ்திரேலியா 1-0, 1-0 என வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. சூட்டர் 198 செ.மீ. உயரம், முழங்கால் காயத்தால் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆடாமல் இருந்து திரும்பியவர். ரோல்ஸோ அந்த ஆண்டு ஜூனில்தான் தேசிய அணியில் அறிமுகமானவர். அதாவது, அன்றைய 'புது டிஃபெண்டர்' அவர்தான்! புதுசு என்பதற்காகத் தயங்கியிருந்தால் அந்த ஜோடியே அமைந்திருக்காது. சிர்காட்டி ஆதரவாளர்களின் கையில் இருக்கும் வலுவான வாதம் இதுதான். எதிர்த்தரப்போ அதே உதாரணத்தை வைத்து, 'அப்படி அமைந்த ஜோடியை ஏன் கலைக்கணும்?' என்கிறது. இரண்டுமே நியாயம்தான்.

போபோவிச் வந்ததும் மாறிய கணக்கு

2024 செப்டம்பரில் அர்னால்டு விலக, டோனி போபோவிச் பொறுப்பேற்றார். இவரே ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவின் சென்டர் பேக். நடுவில் இரண்டு பேருக்குப் பதிலாக மூன்று சென்டர் பேக்குகளை நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஒரு நாற்காலி கூடிருச்சு, சிர்காட்டிக்கு இடம் கிடைச்சாச்சு என்று தோன்றும். அவ்வளவு எளிதில்லை.

மூன்று நாற்காலியும் ஒரே வேலை இல்லை. நடுவில் நிற்பவர் உயரப் பந்துகளைத் தலையால் அகற்றணும், மற்ற இருவருக்கும் குரல் கொடுக்கணும். சூட்டருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை அது. இடது பக்கத்துக்கு இடதுகால் ஆட்டக்காரர் இருந்தால் பாஸ் எளிதாக வெளியே போகும். ரோல்ஸ், கேமரூன் பர்ஜஸ் இருவருமே இடதுகால்காரர்கள். பக்கவாட்டில் நிற்பவர், விங் பேக் முன்னேறும்போது வெளியே ஓடி வந்து எதிரணி விங்கரைத் தனியாகச் சமாளிக்கணும். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு முன்னேறவும் தெரியணும்.

ஆக, 'சிர்காட்டி ஆடணுமா?' என்ற கேள்வியைவிட 'எந்தப் பக்கம்?' என்ற கேள்விதான் சரியானது. பல விவாதங்களில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

போபோவிச் பெரிய லீக் பெயரைப் பார்த்து மயங்குபவர் இல்லை என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 2016க்குப் பிறகு தேசிய அணியில் ஆடாதிருந்த 31 வயது ஜேசன் கெரியாவை 2024 அக்டோபரில் அழைத்தார். மெல்போர்ன் விக்டரியில் தன்னிடம் ஆடியவர், தன் முறை தெரிந்தவர் என்பது கெரியாவின் பலம். (அதே மாதம் சீனாவுக்கு எதிராக அறிமுகப் போட்டியிலேயே கோல் அடித்த நிஷான் வேலுப்பிள்ளையின் பெயர் நம்மூர் காதுகளுக்கும் எட்டியது.)

காயங்கள் வேறு ஆட்டத்தைக் கலைத்தன. 2024 செப்டம்பரில் சிர்காட்டிக்கு ஏசிஎல் எனப்படும் முழங்கால் தசைநார் காயம். டிசம்பரில், ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு ஆடியபோது சூட்டருக்குக் குதிகால் தசைநார் காயம். சூட்டர் இல்லாமலேயே 2025 ஜூனில் ஜப்பானை 1-0, சவுதி அரேபியாவை 2-1 என வென்று ஆஸ்திரேலியா 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அந்த ஆண்டு சிர்காட்டியும் களத்துக்குத் திரும்பினார்.

எதை வைத்து முடிவு செய்யலாம்?

சீரி ஏ-வில் ஆடும் கிளப் என்ற பெயர் மட்டும் போதாது. அங்கே வாரா வாரம் 90 நிமிடம் ஆடுகிறாரா என்பதுதான் முக்கியம். பெரிய கிளப்பின் பெஞ்சில் இருப்பவரைவிட, சின்ன கிளப்பில் தொடர்ந்து ஆடும் டிஃபெண்டர் தேசிய அணிக்கு அதிகம் உதவுவார். ஆனா இருவரும் ஒரே அளவு நிமிடங்கள் ஆடினால் இத்தாலியின் முதல் டிவிஷனில் ஆடுபவருக்கே முன்னுரிமை தரணும். அங்கே ஒவ்வொரு வாரமும் எதிரே வரும் ஃபார்வர்டுகளின் தரம் அப்படி.

அடுத்த முறை ஆஸ்திரேலிய அணிப் பட்டியல் வெளியானதும், சிர்காட்டி பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீங்க. சூட்டர் ஆடுகிறாரா, இடது பக்கம் யார் என்பதையும் பாருங்க. அந்த இரண்டு நாற்காலியும் நிரம்பியிருந்தால், மீதமுள்ள வலது பக்கத்துக்குத்தான் போட்டி.