போர்க்காயப் பதக்கமும் இராணுவப் பதிவுத் திருத்தமும்
அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் எதிர்நோக்கும் சிக்கல்

யுத்தகளத்தில் காயமடைந்த படைவீரர் ஒருவர், தாம் காயமடைந்ததை அரை நூற்றாண்டு கழித்துத் தமது சொந்த அரசாங்கத்திற்கே நிரூபிக்க வேண்டிய நிலை அமெரிக்காவில் இன்றும் காணப்படுகின்றது. உடலில் தழும்பு இருக்கின்றது. சிலருடைய உடலில் உலோகத் துண்டுகளே எஞ்சியிருக்கின்றன. ஆயினும் இராணுவக் கோவையில் அதற்குரிய ஒரு வரி இல்லையெனில், சட்டத்தின் பார்வையில் அந்தக் காயம் ஏற்பட்டதாகக் கொள்ளப்படுவதில்லை. இரண்டாம் உலக மகா யுத்தம், கொரிய யுத்தம், வியட்நாம் யுத்தம் ஆகியவற்றில் பங்குபற்றிய பலரும், அவர்கள் மறைந்தபின் அவர்களது பிள்ளைகளும், அந்த ஒரு வரியைப் பதிவேட்டில் சேர்ப்பதற்காக விண்ணப்பித்து வந்துள்ளனர். இவ்விண்ணப்பங்கள் எவ்வாறு பரிசீலிக்கப்படுகின்றன, எங்கு முட்டுக்கட்டை ஏற்படுகின்றது என்பதை அறிந்துகொள்வது, ஓர் அரசு தன் பதிவேடுகளை எவ்வாறு நோக்குகின்றது என்பதை விளங்கிக்கொள்ளவும் உதவும்.

பதக்கத்தின் வரலாறு

எதிரியின் நடவடிக்கையால் காயமடைந்தவர்களுக்கும் உயிரிழந்தவர்களுக்கும் அமெரிக்க அரசு வழங்குவது 'ஊதா இதயம்' என்னும் பதக்கமாகும். ஊதா நிற இதய வடிவத்தின் நடுவே ஜோர்ஜ் வொஷிங்டனின் உருவம் பொறிக்கப்பட்டிருக்கும். 1782 ஓகஸ்ட் 7ஆம் திகதி, நியூயோர்க் மாநிலத்தின் நியூபேர்க்கில் இருந்த தமது தலைமையகத்திலிருந்து வொஷிங்டன் பிறப்பித்த கட்டளையே இதன் மூலமாகும். அது அப்போது காயத்திற்கான சின்னமன்று. சாதாரணச் சிப்பாய்களின் சிறந்த சேவையைப் பாராட்டும் சின்னம். புரட்சி யுத்தத்தின் பின்னர் அது வழக்கொழிந்தது.

வொஷிங்டனின் 200ஆவது பிறந்த தினமான 1932 பெப்ரவரி 22ஆம் திகதி, தளபதி டக்ளஸ் மக்ஆர்தர் இராணுவத் தலைமை அதிகாரியாகப் பதவி வகித்த காலத்தில், பதக்கம் மீண்டும் உயிர்பெற்றது. 1942இல் அது காயத்திற்கும் மரணத்திற்கும் மட்டும் உரியதாக வரையறுக்கப்பட்டதுடன், அவ்வாண்டு டிசம்பரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த கட்டளையால் கடற்படை முதலிய ஏனைய படைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

ஏனைய வீரப் பதக்கங்களுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடொன்று உண்டு. வீரப் பதக்கத்திற்கு மேலதிகாரியின் சிபாரிசு தேவை. அதனை வழங்குவதும் மறுப்பதும் அதிகாரிகளின் தற்றுணிபுக்குட்பட்டது. ஊதா இதயமோ உரித்தாகக் கருதப்படுகின்றது. நிபந்தனைகள் நிறைவேறினால் அது வழங்கப்பட்டேயாக வேண்டும். ஆகவே, முழு வழக்கும் அந்த நிபந்தனைகள் நிறைவேறினவா என்பதற்கான சான்றிலேயே தங்கியுள்ளது.

மூன்று நிபந்தனைகள்

இராணுவ ஒழுங்குவிதிகளின்படி மூன்று விடயங்கள் நிரூபிக்கப்பட வேண்டும். முதலாவது, காயம் எதிரியின் நடவடிக்கையால் ஏற்பட்டதாக இருத்தல். இரண்டாவது, அதற்கு வைத்திய உத்தியோகத்தரின் சிகிச்சை தேவைப்பட்டிருத்தல். மூன்றாவது, அச்சிகிச்சை உத்தியோகபூர்வ ஆவணத்தில் பதியப்பட்டிருத்தல். இவற்றுள் மூன்றாவதே பெரும்பாலான விண்ணப்பங்கள் தடைப்படும் இடமாகும்.

குளிரால் ஏற்படும் உறைபுண், பதுங்குகுழிகளின் ஈரத்தால் வரும் பாதநோய், வெப்பத் தாக்கம், எதிரியுடன் தொடர்பற்ற விபத்துகள் ஆகியன இன்று பதக்கத்திற்குரியனவல்ல. யுத்தத்தின் பின் தோன்றும் மனவடு நோய்க்கும் பதக்கம் வழங்குவதில்லை என்று பாதுகாப்புத் திணைக்களம் 2009ஆம் ஆண்டில் அறிவித்தது. அதேவேளை, குண்டுவெடிப்பின் அதிர்வால் ஏற்படும் மூளைப் பாதிப்புக்கான விதிகள் 2011இல் தெளிவுபடுத்தப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத காயத்தைப் பதிவு செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு அண்மைய உதாரணமும் உண்டு. 2020 ஜனவரி 8ஆம் திகதி ஈராக்கின் அல் அசாத் தளத்தின்மீது ஈரான் ஏவுகணைத் தாக்குதல் நடத்தியபோது, உயிரிழப்பு எதுவும் இல்லையென முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளைப் பாதிப்பு உறுதிசெய்யப்பட்டது. எனினும் ஆரம்பத்தில் 29 பேருக்கே பதக்கம் கிடைத்தது. ஊடகங்கள் இதனை வெளிக்கொணர்ந்த பின்னர், 2021 டிசம்பரில் மேலும் 39 பேருக்கு அனுமதி வழங்கப்பட்டது. நவீன வைத்திய வசதிகளும் கணினிப் பதிவுகளும் உள்ள காலத்திலேயே இந்நிலையெனில், காட்டிலும் சேற்றிலும் நடைபெற்ற முன்னைய யுத்தங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

தீயில் எரிந்த கோவைகள்

பழைய படைவீரர்களின் சிக்கலைப் பன்மடங்காக்கியது ஒரு தீ விபத்தாகும். மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகருக்கு அருகில் அமைந்திருந்த தேசிய ஆளணிப் பதிவுகள் நிலையத்தில் 1973 ஜூலை 12ஆம் திகதி நள்ளிரவு தாண்டியதும் தீ மூண்டது. கட்டடத்தின் ஆறாம் மாடி முற்றாக அழிந்தது. 160 இலட்சம் முதல் 180 இலட்சம் வரையிலான கோவைகள் அழிந்ததாகக் கணிக்கப்பட்டுள்ளது. 1912 நவம்பர் முதலாம் திகதிக்கும் 1960 ஜனவரி முதலாம் திகதிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியோரின் கோவைகளில் சுமார் 80 வீதம் எரிந்தன. 1947க்கும் 1964க்கும் இடையில் விமானப்படையிலிருந்து விலகியோருள், அகரவரிசையில் ஒரு குறிப்பிட்ட பெயருக்குப் பின் வருவோரின் கோவைகளில் 75 வீதம் எரிந்தன. இவற்றுக்குப் பிரதிகள் எடுக்கப்பட்டிருக்கவில்லை. நுண்படச் சுருள்களும் இல்லை. எவருடைய கோவைகள் அங்கிருந்தன என்பதைக் காட்டும் முழுமையான சுட்டியும் இருக்கவில்லை.

எனவே இரண்டாம் உலக மகா யுத்தத்திலோ கொரியாவிலோ போரிட்ட தரைப்படை வீரர் ஒருவர் தமது கோவையைக் கேட்டால், அது அழிந்திருக்கலாம் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கின்றது. இதில் அந்த வீரரின் தவறு எதுவுமில்லை. ஆயினும் நிரூபிக்கும் பொறுப்பு அவரையே சார்கின்றது.

திருத்தச் சபைகள்

1946ஆம் ஆண்டுக்கு முன்னர் இராணுவப் பதிவொன்றைத் திருத்த வேண்டுமாயின், காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரைப் பிடித்துத் தனிநபர் சட்டமூலமொன்றை நிறைவேற்றிக்கொள்ள நேர்ந்தது. அவ்வாண்டின் சட்டவாக்கச் சீரமைப்புச் சட்டம் அத்தகைய சட்டமூலங்களைத் தடைசெய்து, அதற்குப் பதிலாகப் படைத்துறைச் செயலாளர்கள் சிவிலியன்களைக் கொண்ட சபைகளின் மூலம் பதிவுகளைத் திருத்தலாம் என ஏற்பாடு செய்தது. அதன்படி தரைப்படைக்கு ஒரு சபையும், கடற்படைக்கும் மரைன் படைக்கும் பொதுவான ஒரு சபையும், விமானப்படைக்கு ஒன்றும், கரையோரப் பாதுகாப்புப் படைக்கு ஒன்றும் இயங்குகின்றன. பதிவிலுள்ள தவறைத் திருத்துவதும் அநீதியை நீக்குவதும் இச்சபைகளின் கடமையென்று சட்டம் கூறுகின்றது.

நடைமுறை பின்வருமாறு அமைகின்றது. விண்ணப்பதாரர் முதலில் தமது படையின் பதக்கப் பிரிவுக்கு எழுத வேண்டும். தரைப்படையாயின் அப்பிரிவு கென்டக்கி மாநிலத்தின் நொக்ஸ் கோட்டையில் உள்ளது. அங்கு மறுக்கப்பட்டால், டி.டி. 149 என்னும் படிவத்தின் மூலம் திருத்தச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. தவறு தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டுமென்பது விதி. நீதியின் நலன் கருதி அக்காலவரையறையைத் தளர்த்தச் சபைக்கு அதிகாரமுண்டு. விண்ணப்பம் ஏற்கப்பட்டால், படைவிலகல் பத்திரமான டி.டி. 214இல் உள்ள குறை டி.டி. 215 என்னும் திருத்தப் பத்திரத்தின் மூலம் சீர்செய்யப்படும். வீரர் மறைந்திருப்பின் அவரது நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்கலாம்.

சபையின் தொடக்க நிலைப்பாடு, அரசின் பதிவுகள் முறையாகப் பேணப்பட்டுள்ளன என்ற அனுமானமாகும். அதனை மறுத்துரைக்கும் சான்றை விண்ணப்பதாரரே முன்வைக்க வேண்டும். தனிக்கோவை எரிந்திருந்தாலும் வேறிடங்களில் தடயங்கள் எஞ்சியிருக்கக்கூடும். படையணிகள் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கைகள், இரண்டாம் உலக மகா யுத்தக் காலத்திலும் கொரிய யுத்தக் காலத்திலும் தயாரிக்கப்பட்ட வைத்தியசாலை அனுமதி அட்டைத் தரவுகள், வியட்நாம் யுத்தத்தின் காயமடைந்தோர் பட்டியல், குடும்பத்திற்கு அனுப்பப்பட்ட தந்தி, படைவிலகிய சிறிது காலத்தில் நட்டஈடு கோரிச் செய்துகொண்ட வைத்தியப் பரிசோதனை ஆகியன முக்கியமானவை. இரண்டாம் உலக மகா யுத்தக் காலத்து விலகல் பத்திரத்தில், சமரில் அடைந்த காயங்களைக் குறிப்பதற்கெனத் தனிக்கட்டம் ஒன்றே இருந்தது. இவை கிடைக்காதபோது, சம்பவத்தை நேரில் கண்ட தோழர்களின் சத்தியக் கடதாசிகள் துணைபுரியும். ஆனால் காலம் செல்லச் செல்லச் சாட்சிகள் மறைந்துபோகின்றனர் என்பதே இதிலுள்ள பெருந்துயரமாகும்.

நீதிமன்றம் உரைத்த பாடம்

இவ்விடயத்தில் 2014 டிசம்பரில் வொஷிங்டன் நகரிலுள்ள சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு கவனத்திற்குரியது. 1969 ஜூனில் வியட்நாமில் நடைபெற்ற ரொக்கெட் தாக்குதலில் சிதறிய உலோகத் துண்டுகளால் ஒரு வீரர் காயமடைந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த களமுனை வைத்திய நிலையமும் தாக்குதலின் நெருக்கடிக்குள் இருந்தமையால், சிகிச்சைக்குரிய பத்திரங்கள் எழுதப்படவில்லை. பல ஆண்டுகளின் பின் அவர் தமது பதிவைத் திருத்துமாறு சபையிடம் கோரினார். காயத்திற்குக் கட்டுப்போடப்பட்ட நிலையில் எடுக்கப்பட்ட படமும் ஏனைய சான்றுகளும் அவரிடம் இருந்தன. சபையோ, சிகிச்சைப் பதிவு இல்லையென்ற காரணத்தால் கோரிக்கையை நிராகரித்தது. மாவட்ட நீதிமன்றமும் சபையின் முடிவை ஆதரித்தது.

மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. எந்தப் பதிவு விடுபட்டுள்ளது என்று அவர் முறையிட்டாரோ, அந்தப் பதிவு இல்லையென்பதையே காரணம் காட்டி முறைப்பாட்டை நிராகரிப்பது நியாயமற்றது என்று அது முடிவு செய்தது. தவறைத் திருத்துவதற்கென அமைக்கப்பட்ட சபை, அத்தவறையே தீர்ப்பின் ஆதாரமாகக் கொள்ளலாகாது என்பது இத்தீர்ப்பின் சாரமாகும்.

எச்சரிக்கையும் நியாயமும்

மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். பெறாத பதக்கத்தைப் பெற்றதாகக் கூறித் திரிவோரும் அமெரிக்காவில் இருந்துள்ளனர். அத்தகைய பொய்யைக் குற்றமாக்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பேச்சுச் சுதந்திரத்திற்கு முரணானதென உயர் நீதிமன்றம் 2012இல் தள்ளுபடி செய்தது. அதனையடுத்து, பணத்தையோ பிற நன்மையையோ பெறும் நோக்குடன் அவ்வாறு பொய்யுரைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2013இல் நிறைவேறியது. ஊதா இதயமும் அதில் உள்ளடங்குகின்றது. பதக்கத்துடன் நன்மைகளும் இணைந்துள்ளன. முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் முன்னுரிமை, சிகிச்சைக் கட்டண விலக்கு, ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்படும் தகுதி ஆகியன அவற்றுட் சில. ஆதலால் சபைகள் சான்றைக் கேட்பதில் தவறு காண முடியாது. சான்றின்றி வழங்கப்படும் பதக்கம், உண்மையில் குருதி சிந்தியவர்களின் பதக்கத்தையும் மலினப்படுத்தும்.

ஆயினும் சான்று கேட்பது வேறு. கிடைக்கவே முடியாத சான்றைக் கேட்பது வேறு. களமுனையில் பத்திரம் எழுதாது விட்டவர் அரச உத்தியோகத்தர். கோவைகளைப் பிரதியெடுக்காது ஒரே கட்டடத்தில் அடுக்கி வைத்ததும் அரச நிறுவனமே. இவற்றின் விளைவைக் காயமடைந்தவரின் தலையில் முழுவதுமாகச் சுமத்துவது நீதியாகாது. மாற்றுச் சான்றுகளைத் தேடிக் கொடுப்பதில் அரசே முன்னிற்பதும், கிடைத்தவற்றைத் தனித்தனியாக ஒதுக்காமல் ஒன்றுசேர்த்து எடைபோடுவதும் அதன் கடமையாகும்.

யுத்தத்திலும் தீயிலும் வெள்ளத்திலும் பத்திரங்களை இழந்த எவருக்கும் இப்பிரச்சினை புதிதன்று. பதிவேடு என்பது நடந்ததற்குச் சாட்சியே தவிர, நடந்ததற்கு ஈடானதன்று. அச்சாட்சி அரசின் கையிலிருந்து தவறியிருக்கும்போது, முதுமையில் வந்து நிற்கும் மனிதரின் வாய்மொழிக்கும் உடற்தழும்புக்கும் செவிசாய்க்க அரசு கடமைப்பட்டுள்ளது. அதற்கு எஞ்சியுள்ள காலமும் மிகக் குறைவு என்பதை உரியவர்கள் உணர வேண்டும்.