வாங்கிய கப்பலும் கட்டிய கப்பலும்

கடலைக் கண்ணால் காணாத ஊர்களில் வாழ்கின்றவர்களும் கடலை நம்பியே வாழ்கிறார்கள். டில்லியிலும் நாகபுரியிலும் போபாலிலும் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகளில் அடுப்பெரிக்கும் வாயுவிலும், தெருவில் ஓடும் வண்டிகளுக்கு வேண்டிய எண்ணெயிலும் பெரும்பகுதி கப்பலேறி வந்ததே. எடையைக் கொண்டு கணக்கிட்டால், இந்தியாவின் அயல்நாட்டு வாணிபத்தில் 100க்கு 95 பங்கு கடல் வழியாகவே நடைபெறுகிறது. அந்தச் சரக்கு யாருடைய கப்பலில் ஏறுகிறது? ஏற்றுக்கூலி யாருடைய கைக்குச் சேருகிறது? அந்தக் கப்பலைக் கட்டியவர்கள் யார்? இந்த மூன்று வினாக்களையும் ஒட்டியே நம் நாட்டுக் கப்பல் தொழிலின் அண்மைக்கால வரலாறு நடந்திருக்கிறது.

நமக்குக் கப்பல் கட்டத் தெரியாது என்று எவரும் சொல்ல இயலாது. சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர் 1736ஆம் ஆண்டில் பம்பாய்க்கு அழைத்துவரப்பட்டார். 1750ஆம் ஆண்டில் அங்கே உலர்துறை ஒன்று அமைந்தது. கப்பலை உள்ளே விட்டு, வாயிலை அடைத்து, நீரை அகற்றி, அடிப்புறத்தை உலர வைத்து வேலை செய்வதற்கான தொட்டியே உலர்துறை எனப்படுவது. வாடியா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அங்கே கலங்களைக் கட்டினர். 1842ஆம் ஆண்டில் சீனாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே ஏற்பட்ட நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான 'கார்ன்வாலிஸ்' என்ற போர்க்கப்பல் 1813ஆம் ஆண்டில் பம்பாயில் கட்டப்பட்டது. 1817ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட 'டிரிங்கோமலி' என்ற கலம் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு நீண்ட ஆயுளுக்குக் காரணம் நம் தேக்கு மரம். ஓக் மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பாணியை அரித்துவிடும். தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெயோ அதைக் காக்கும்.

அத்தகைய தொழில் எங்ஙனம் தேய்ந்தது? கைத்திறன் குறைந்ததனால் அன்று, கருவி மாறியதனால். 1825ஆம் ஆண்டு டிசம்பரில் 'எண்டர்பிரைஸ்' என்ற நீராவிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து 113 நாட்களில் கல்கத்தா வந்து சேர்ந்தது. பாய்களின் உதவியையும் பெற்றே அது வந்தது. ஆயினும் காற்றின் தயவில்லாமலும் கப்பல் ஓடும் என்பது தெளிவாயிற்று. பின்னர் மரத்தின் இடத்தை இரும்பும், இரும்பின் இடத்தை எஃகும் பிடித்தன. 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், காற்றை நம்பியிருந்த பாய்மரக் கலங்களுக்குப் பெரிதும் பயன்படாத அக்குறுக்கு வழி நீராவிக் கப்பல்களுக்கு இராஜபாட்டையாக அமைந்தது. வாடியா குடும்பத்தைச் சேர்ந்த அர்தசீர் கர்செட்ஜி நீராவி இயந்திரக் கலையைக் கற்றுத் தேர்ந்து, 1841ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையை அடைந்த முதல் இந்தியர் அவரே. ஆகவே அறிவுக்குக் குறைவில்லை. எஃகுத் தகடு உருட்டும் ஆலை, பெருமுதல், அரசாங்கத்தின் ஆதரவு ஆகிய மூன்றுமே நம்மிடம் இல்லாதவை.

இம்மூன்றும் பிறரிடம் இருந்தன. 1856ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுப் பிற்பாடு பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி எனப் பெயர் பூண்ட நிறுவனம் நம் கரையோரம் முழுவதும் பரவியது. அஞ்சல் கொண்டு செல்வதற்கு அரசாங்கம் அதற்குப் பணம் கொடுத்தது. இது போதாதென்று, பெரிய கப்பல் கம்பெனிகள் தமக்குள் கூடி ஒரு தந்திரத்தையும் கையாண்டன. சரக்கு அனுப்பும் வணிகர் கொடுத்த கூலியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்வார்கள். ஆனால் உடனே தரமாட்டார்கள். சில மாதங்கள் கழித்தே தருவார்கள். அதற்குள் வணிகர் வேறொருவர் கப்பலில் ஒரு மூட்டையை ஏற்றினாலும் அத்தொகை முழுவதும் பறிபோய்விடும். புதிதாக ஒரு கப்பல் வந்து குறைந்த கூலி கேட்டாலும், வரவேண்டிய பணத்தை இழக்க அஞ்சி வணிகர் அதனை நாடமாட்டார். அவ்வாறும் மீறி நாடினால், பழைய கம்பெனி கூலியை அடியோடு குறைத்துவிடும். நட்டத்தை நூறு கப்பல்களின் மீது பரப்பித் தாங்க அதனால் இயலும். இரண்டு கப்பல் வைத்திருப்பவன் எத்தனை மாதம் தாங்குவான்? 1890களில் ஜாம்செட்ஜி டாடா ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் துணையுடன் நடத்த முயன்ற கப்பல் வரிசை இத்தகைய கூலிப் போரிலேதான் கவிழ்ந்தது.

அடுத்த முயற்சி தூத்துக்குடியில் தோன்றியது. வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தை 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்தார். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சிறு வணிகரும் வாங்கத்தக்கதாகப் பங்கின் விலை வைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் வாடகைக் கப்பலைக் கொண்டு தொழில் நடத்தினார்கள். எதிரிகளின் நெருக்குதலால் வாடகைக்குக் கொடுத்தவர் பின்வாங்கினார். ஆதலின் சொந்தக் கப்பல் இல்லாமல் காரியம் ஆகாது என்று உணர்ந்த பிள்ளையவர்கள் பம்பாய் சென்று முயன்றதன் பயனாக 1907ஆம் ஆண்டில் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. கொழும்புக் கட்டணம் சரிந்துகொண்டே போயிற்று. ஆங்கிலக் கம்பெனி பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், போதாதற்குக் குடை ஒன்று கொடுக்கவும் முன்வந்தது என்று அக்கால வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 1908ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. தேசபக்தியைக் கொண்டு கப்பலை வாங்கலாம்; சட்டமும் அரசாங்கமும் எதிராக நிற்கும்போது அதனைத் தொடர்ந்து ஓட்டுவது அரிது என்பதே அம்முயற்சியின் கசப்பான பாடம்.

முதல் உலகப் போர் முடிந்த பின்னர் பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலானோர் அதே கனவை மீண்டும் கையில் எடுத்தனர். கனடாவைச் சேர்ந்த நிறுவனத்துக்காக 1891ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற 'எம்பிரஸ் ஆப் இந்தியா' என்ற கப்பலைக் குவாலியர் மகாராஜா போர்க்காலத்தில் வாங்கி, 'லாயல்டி' எனப் பெயரிட்டு மருத்துவக் கப்பலாக்கியிருந்தார். அதனை இவர்கள் வாங்கினர். மகாராஜாவின் குடும்பப் பெயரால் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி 1919ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கியது. ஏப்ரல் 5ஆம் நாள் 'லாயல்டி' பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. 1964ஆம் ஆண்டு முதல் அந்நாளே தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

கொண்டாட்டத்தின் நடுவே மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. புறப்படும்போதே அக்கப்பலின் வயது 28. 1923ஆம் ஆண்டில் அது உடைப்பதற்கு விற்கப்பட்டது. அதே ஆண்டில், இஞ்ச்கேப் பிரபுவின் ஆதிக்கத்திலிருந்த ஆங்கிலக் கம்பெனியுடன் சிந்தியா கம்பெனி உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. தன் கப்பல்களின் அளவுக்கும் செல்லும் வழிகளுக்கும் வரம்பு கட்டிக்கொண்டு, அதற்கு ஈடாக உயிர் பிழைக்கும் உரிமையை அது பெற்றது. அதைத் தோல்வி என்பாரும் உண்டு. நமக்கு அது பொறுமையாகவே தோன்றுகிறது. அழியாமல் இருந்தாலன்றோ மறுநாள் போராட இயலும்?

போராட்டம் கடலிலிருந்து சட்டமன்றத்துக்கு மாறியது. கரையோர வாணிபத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று ஹாஜி என்பவர் 1928ஆம் ஆண்டில் மத்திய சட்டமன்றத்தில் மசோதா கொணர்ந்தார். அது அன்று சட்டமாகவில்லை. எனினும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஒரு நன்மை விளைந்திருந்தது. இந்திய இளைஞர்களைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் 'டப்ரின்' என்னும் பயிற்சிக் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் பணி தொடங்கியது. அதுவரை நம்மவர் பிறர் கப்பல்களில் அடுப்புக்குக் கரி தள்ளினர், தளத்தைத் துடைத்தனர். இனிக் கட்டளையிடும் மேடையிலும் நிற்கலாயினர்.

கப்பல் இருந்தது, ஆட்களும் உருவாகி வந்தனர். இனி வேண்டியது கப்பல் கட்டும் தளம். அதற்கு விசாகப்பட்டினம் தேர்ந்தெடுக்கப்பட்டது. டால்பின் மூக்கு என்னும் குன்று கடலின் சீற்றத்தைத் தடுத்து நிற்கும் அத்துறைமுகம் 1933ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டிருந்தது. ஜம்ஷெட்பூரின் எஃகை இரயிலில் கொண்டு வரலாம். 1941ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் பாபு ராஜேந்திர பிரசாத் அங்கே அடிக்கல் நாட்டினார். பத்து மாதம் ஆவதற்குள், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின் மீது குண்டு வீசின. வேலை தடைப்பட்டது, இயந்திரங்கள் பம்பாய்க்கு அகற்றப்பட்டன.

அந்த இடைவெளி நமக்கு இழைத்த தீங்கு பெரிது. அதே ஆண்டுகளில் அமெரிக்கா 'லிபர்ட்டி' வகைக் கப்பல்கள் 2,710ஐக் கட்டி முடித்தது. தகட்டோடு தகட்டைத் தறையாணி அடித்துப் பொருத்தும் பழைய முறையை விட்டுப் பற்றவைக்கும் முறையை அங்கே பெருமளவில் கையாண்டனர். கப்பலைத் துண்டு துண்டாகத் தனித்தனிக் கொட்டகைகளில் செய்து, இறுதியில் தளத்தில் கொண்டுவந்து இணைத்தனர். ஒரு கப்பலை ஐந்து நாளுக்குள்ளாகவே நீரில் இறக்கிக் காட்டினர். உலகம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நம் தளம் பூட்டிக் கிடந்தது.

போர் தணிந்ததும் பணி மீண்டும் தொடங்கியது. 1948ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள், 8,000 டன் பளு ஏற்கும் 'ஜல உஷா'வைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு நீரில் இறக்கிவைத்தார். உஷா என்றால் விடியல். சுதந்திர இந்தியாவில் கட்டப்பெற்ற முதல் பெரிய நீராவிக் கப்பல் அது. 'லாயல்டி' பிறர் கட்டி, பிறர் ஓட்டி, முதுமையில் நம்மிடம் வந்த கப்பல். 'ஜல உஷா' நம் கரையிலேயே பிறந்த கப்பல். இவ்விரண்டுக்கும் இடையே 29 ஆண்டுகள் ஓடியிருந்தன.

சுதந்திர அரசாங்கம் 1950ஆம் ஆண்டில் கரையோர வாணிபத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கியது. 1928ஆம் ஆண்டின் கோரிக்கை 22 ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது. தனியார் ஒருவரால் தாங்க இயலாத தளத்தின் பெரும்பங்கை 1952ஆம் ஆண்டில் அரசாங்கம் ஏற்க, அது இந்துஸ்தான் கப்பல் தளமாயிற்று. 1961ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அரசாங்கத்தின் இரு கப்பல் நிறுவனங்கள் இணைந்து இந்தியக் கப்பல் கழகம் பிறந்தது.

பின்னர்க் கொச்சியில் இரண்டாவது பெருந்தளம் எழுந்தது. 1972ஆம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கே கட்டிய முதற்கப்பலான 'ராணி பத்மினி' 1981ஆம் ஆண்டில் கப்பல் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விசாகப்பட்டினத்தில் சாய்தளத்தில் கட்டிய கப்பல் சறுக்கிக்கொண்டு நீரில் இறங்கிற்று. கொச்சியிலோ பெருந்தொட்டிக்குள் கப்பலைக் கட்டி, நீரை உள்ளே விட்டு மிதக்கச் செய்கிறார்கள். அத்தளத்திலேதான் 'விக்ராந்த்' என்னும் விமானந்தாங்கிப் போர்க்கப்பல் உருவாகி, 2022ஆம் ஆண்டில் கடற்படையில் சேர்ந்தது.

இவ்வளவு நடந்தும் தொடக்கத்தில் கேட்ட மூன்று வினாக்களுக்கும் முழுமையான விடை கிடைத்துவிட்டதாகச் சொல்ல இயலவில்லை. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிச் சென்றது முதல் சரக்குக் கப்பலின் இலக்கணமே மாறிற்று. மூட்டையைத் தோளில் சுமந்து ஏற்றிய காலம் போய், கண்டெய்னர் பெட்டியைப் பாரந்தூக்கி எடுத்து வைக்கும் காலம் வந்தது. 1973ஆம் ஆண்டில் கொச்சிக்கு முதற்பெட்டி வந்தது. கப்பல்கள் பெருத்தன, ஆழம் போதாத நம் துறைமுகங்களின் சரக்குகள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறின. அப்பெட்டிகளை நம் துறைகளுக்கு ஈர்ப்பதற்காகவே, கரையோரப் போக்குவரத்தில் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு இருந்த கட்டுப்பாடு 2018ஆம் ஆண்டில் ஓரளவு தளர்த்தப்பட்டது. பெரிய கப்பல்கள் நேரே வரத்தக்க ஆழமுள்ள விழிஞ்ஞம் துறைமுகம் 2025ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆயினும் நம் அயல்நாட்டு வாணிபத்தில் இந்தியக் கொடியுடைய கப்பல்கள் சுமப்பது சிறுபகுதியே. உலகில் கட்டப்படும் வாணிபக் கப்பல்களின் மொத்த அளவில் நம் பங்கு நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. முன்னோடியான சிந்தியா கம்பெனியும் மாறிய காலத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் நொடித்துப்போயிற்று.

இதனால் சோர்வடைய வேண்டுவதில்லை. இவ்வரலாறு உணர்த்தும் உண்மை எளியது. கப்பல், சரக்கு, தளம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. சரக்குக்கு உறுதி இல்லாத கப்பல் தூத்துக்குடியில் நின்றது. தளத்தின் துணை இல்லாமையால், பிறர் ஓட்டித் தேய்ந்த கப்பலுடன் பம்பாயில் தொழில் தொடங்க நேர்ந்தது. காலத்துக்கேற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாத தளம் எங்கிருப்பினும் பின்தங்கும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் விசாகப்பட்டினத்திலும் வாழும் நம்மவர் துறைமுகச் சாலை வழியே நாள்தோறும் போய்வருகிறார்கள். அங்கே நிற்கும் கப்பலின் பின்புறத்தில் அதன் பெயருக்குக் கீழே அது பதிவான துறையின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அதனைப் படித்துப் பார்ப்பது நல்லது. மும்பை என்றோ கொச்சி என்றோ சென்னை என்றோ அங்கே காணப்படுமாயின், அந்த ஒரு சொல்லை எழுதுவதற்கு ஒரு நாடு எத்தனை ஆண்டு உழைத்தது என்பது நம் நினைவுக்கு வரட்டும்.