வட்டமும் சதுரமும் கரும்பலகைக்கு வருமுன்



போன வாரம் தரம் 1 வகுப்பில் ஒரு சதுர அட்டையைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து "இது என்ன?" என்று கேட்டோம். "பட்டம் டீச்சர்!" என்றார்கள். அதே அட்டையை நேராகப் பிடித்தோம். "சதுரம்!" என்றார்கள். பிழை பிள்ளைகளிடம் இல்லை. நாங்கள் சுவரில் மாட்டிய படத்தில் சதுரம் எப்போதும் நேராகத்தான் இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க நாங்கள் எதையும் கொடுக்கவில்லை.

அப்போதுதான், கலாசாலையில் படித்துப் பரீட்சையோடு மறந்துபோன ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் பிரெடெரிக் புரோபல். 1782 இல் ஜேர்மனியின் தூரிங்கியாவில் பிறந்தவர். ஒரு வயதாகுமுன்பே தாயை இழந்தவர். சுவிற்சர்லாந்தில் பெஸ்டலோசியின் பாடசாலையில் பழகியவர். 1837 இல் பாட் பிளாங்கன்பேர்க் என்ற ஊரில் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840 இல் அதற்கு 'கிண்டர்கார்டன்', அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார்.

அவர் கொடுத்த விளையாட்டுப் பொருட்களைக் 'கொடைகள்' என்றார். முதலில் மென்மையான கம்பளிப் பந்துகள். அடுத்து மரத்தாலான கோளம், சதுரமுகி, உருளை. கோளம் உருளும், சதுரமுகி நிற்கும், உருளையோ இரண்டையும் செய்யும். பிறகு எட்டுத் துண்டுகளாகப் பிரியும் சதுரமுகி. இவற்றுக்குப் பின்னர்தான் தட்டையான பலகைத் துண்டுகள், குச்சிகள், புள்ளிகள். கையில் பிடிக்கும் திண்மம் முதலில், தாளில் வரும் கோடு கடைசியில். இன்று நாங்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

1851 இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. பிள்ளைகளிடம் நாத்திகம் பரப்புவதாகக் குற்றச்சாட்டு. அவருடைய சகோதரரின் மகன் எழுதியதையும் இவருடையதையும் அரசு ஒன்றாகக் குழப்பிக்கொண்டது. மறுவருடமே புரோபல் இறந்துபோனார். 1860 இல்தான் தடை நீங்கியது. ஆனால் அவரிடம் படித்த ஆசிரியைகள் அதற்குள் அந்த முறையை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய கல்லறையில் சதுரமுகி, உருளை, கோளம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன.

பின்னர் 1907 இல் ரோமில் மரியா மொண்டிசோரி தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். அவருடைய முறையில், மரச்சட்டத்தில் பொருந்தும் வடிவங்களின் விளிம்பைப் பிள்ளை விரலால் தடவிப் பார்க்கும். இந்தியாவில் இருந்த காலத்தில், 1944 இல், அவர் இலங்கைக்கும் வந்தார். இன்று எந்த முன்பள்ளியையும் நாங்கள் 'மொண்டிசோரி' என்றுதான் சொல்கிறோம். பெயர் நிலைத்துவிட்டது. தடவிப் பார்க்கும் பழக்கம் நிலைத்ததா?

வீட்டிலேயே செய்யலாம், காசு தேவையில்லை:

1. போளை, பால்மா டின், சவர்க்காரப் பெட்டி மூன்றையும் சரிவான பலகையில் வையுங்கள். எது உருளும், எது வழுக்கும் என்று முதலில் கேளுங்கள். பிறகு விட்டுப் பாருங்கள்.

2. டின்னின் அடியையும் பெட்டியின் பக்கங்களையும் ஈரமணலில் அழுத்தச் சொல்லுங்கள். வட்டமும் செவ்வகமும் எங்கிருந்து வருகின்றன என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

3. ஊறவைத்த கடலையில் ஈர்க்குத் துண்டுகளைக் குத்தி முக்கோணியும் சதுரமும் செய்யுங்கள். புரோபல் பட்டாணியில் செய்வித்த வேலைதான் இது. சதுரம் ஆடிச் சரியும், முக்கோணி சரியாது. ஏன் என்று பிள்ளை கேட்டால் அதுதான் பாடம்.

வடிவத்தின் பெயரை உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை தன் வார்த்தையில் சொல்லட்டும். "மூலை குத்துது" என்று சொன்னாலும் அது சரியான விடைதான்.

கொப்பியில் ஒன்றும் எழுதவில்லையே என்று சில உம்மாமார் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை எங்களுக்கு விளங்குகிறது. அடுத்த இரண்டு கிழமைக்கு மட்டும் கொப்பியைப் பார்க்காமல், "இன்றைக்குக் கையில் என்ன பிடித்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். வெற்றுப் பெட்டிகளையும் டின்களையும் வீசாமல் பாடசாலைக்கு அனுப்பி வையுங்கள். சுவரில் இருந்த படத்தை நாங்கள் கழற்றிவிட்டோம்.