வீட்டுக் கணினியின் திறவுகோல்

திருகோணமலைத் துறைமுகத்தின் திறவுகோல் நெடுங்காலம் அந்நியர் கையில் இருந்தது. 1957ஆம் ஆண்டிலேதான் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். அதனைக் கண்ட பெரியோர் சிலர் இன்றும் நம்மிடையே உளர். நம் இல்லங்களிலுள்ள கணினிகளை நோக்குமிடத்தும் அதே வினா எழுகின்றது. இவற்றின் திறவுகோல் எவர் கையில் உளது?

கணினியின் உறுப்புகளை இயக்கி, ஏனைய மென்பொருள்கள் தன்மேல் நின்று தொழிற்பட இடந்தருவது பணிசெயல் முறைமை எனப்படும். நம் வீடுகளிற் பெரும்பாலும் காணப்படுவது விண்டோஸ். அதன் மூலநிரல் பிறர் காணாதவாறு மறைக்கப்பட்டுள்ளது, உரிமமோ விலைக்குரியது. விலை கொடாது, பிரதிசெய்த இறுவட்டைக்கொண்டு அதனை நிறுவுதல் நம்மிடையே வழக்கமாயிற்று. களவு தீதென்று பள்ளியிற் கற்ற யாமும் அவ்வழக்கத்துக்கு விலக்கானவரல்லேம்.

இதற்கு மாற்றுவழியை அமெரிக்க அறிஞர் றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983இல் வகுக்கத் தொடங்கினார். க்னூ என்பது அவர் திட்டத்தின் பெயர். மென்பொருளைப் பயன்படுத்தவும், அதன் உள்ளமைப்பைக் கற்கவும், பிறருடன் பகிரவும், திருத்தி வழங்கவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1989இல் வெளிவந்த க்னூ பொது உரிமம் இக்கொள்கைக்குச் சட்ட வடிவம் தந்தது. பெற்றவர் பிறர்க்கு வழங்குங்கால், தாம் பெற்ற உரிமைகளையும் உடன் வழங்குதல் வேண்டும். ஆகவே, ஈண்டுப் பிரதிசெய்தல் களவன்று, அறமேயாம்.

1991இல், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டுக் கணினிக்கென லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது 21. எம்மையொத்த மாணவரொருவர் இதனைத் தொடங்கினார் என்பது சிந்திக்கற்பாலது. அடுத்த ஆண்டு அதுவும் பொது உரிமத்தின்கீழ் வந்தது. க்னூக் கருவிகளும் லினக்ஸ் கருநிரலும் இணைந்து முழுமையான முறைமையாயின. 1993இல் டெபியனும், 2004இல் உபுண்டுவும் தோன்றின. உபுண்டு இறுவட்டுகள் 2011 வரை அஞ்சற் செலவுமின்றிக் கேட்டோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டன.

இம்மரபிலே நம் நாடு பெற்றுக்கொண்டது மட்டுமன்றிக் கொடுத்ததும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர் முதலிய நம் மாவட்டத்து ஊர்களைச் சிதைத்ததை மறத்தல் இயலுமோ? அவ்வழிவின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கை மென்பொருளாளர் ‘சகானா’ என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். சிங்களத்திலே அதன் பொருள் நிவாரணம். அடுத்த ஆண்டு பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

2025 ஒக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நிறைவுற்றது. அடுத்த பதிப்பு வேண்டும் தகுதிகள் பழைய கணினிகள் பலவற்றுக்கில்லை. ஆயினும், நன்றாக இயங்கும் கணினியை எறிதல் வேண்டா. முதலிற் கோப்புகளைப் பிறிதோரிடத்திற் பிரதிசெய்து வைக்க. பின்பு லினக்ஸை ஒரு விரலியிலிட்டு, உள்ளிருப்பதை அழியாமலே இயக்கிப் பார்க்க. சில அச்சுப்பொறிகளும், விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்ட சில மென்பொருள்களும் இணங்காமற் போகலாம்; அதனை முன்னரே சோதித்தல் நன்று. பாமினி எழுத்துருவில் உள்ள பழைய கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்க.

இன்னுமொரு கடமை உளது. நம் நகர் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய சுவாமி விபுலானந்தர், 1936இல் சென்னையிலே நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியல் தமிழிலே பேசவேண்டும் என்பது அப்பணியின் நோக்கம். லினக்ஸ் முகப்புகளைத் தமிழாக்குவோர் இன்று செய்வதும் அத்தகைய பணியே. அவர்கள் தன்னார்வலர், அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. அங்கே தமிழ் குறைவுபடின், அதனைத் திருத்தும் உரிமை நமக்குண்டு. பழியைப் பிறர்மேற் சுமத்த வழியில்லை.

இளைஞர்காள்! துறைமுகத்தின் திறவுகோலைப் பெற நம் முன்னோர் நெடுநாட் காத்திருந்தனர். வீட்டுக் கணினியின் திறவுகோலோ கேட்போர் எவர்க்கும் கிடைக்கும். கைந்நீட்டிப் பெறுதல் நம் கடன்.